உப்புக் கால்வாய் – 11: யார் போட்ட உப்பு?

சென்ற இதழில் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியான மரக்காணத்தில் நின்றோம். எடையன்திட்டுக் கழிமுகத்தையும் உப்பளங்களையும், வடக்கே சென்னை நோக்கிப் போன படகுகளையும் பார்த்தோம். இந்த இதழில் படகை விட்டு இறங்கிப் பாட்டுக்காரர்களைத் தேடிப் போகிறோம்.

மரக்காணத்தோடு தொடர்புபடுத்தப்படும் மிகப் பழைய இலக்கியச் சான்றில் ஓர் இசைக்கலைஞனின் பசி இருக்கிறது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. அதன் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் அவனுடைய ஊர், எயிற்பட்டினம் அவனுடைய கடற்கரைப் பட்டினம். அந்த எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. சற்று உள்ளே இருக்கும் உப்புவேலூரைப் பாட்டில் வரும் வேலூர் என்று அடையாளம் காண்கிறார்கள்.

பாட்டில் உமணர்கள் மனைவி மக்களோடு உப்பு வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் பிள்ளைபோல் வளர்த்த மந்தி, சிப்பிக்குள் முத்தை இட்டுக் கிலுகிலுப்பையாக்கி உமணர் குழந்தைகளோடு விளையாடுகிறது. இவ்வளவு செழிப்பு தெருவில். பாணன் வீட்டுக்குள் போனால் கூரை இற்று விழுந்திருக்கிறது, அடுக்களைச் சுவரில் காளான் பூத்திருக்கிறது. குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறார்கள். ஊரார் கண்ணில் பட்டால் வெட்கம் என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து தின்கிறார்கள். உப்பு வண்டிகள் ஊர்கிற பாட்டிலேயே பாட்டுக்காரன் சட்டியில் உப்பில்லை.

நல்லியக்கோடன் அந்த வறுமையைத் தீர்க்கிறான், பாணன் அவன் புகழைப் பாடுகிறான். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பதுதானே நம் ஊர் அறம். ஆனால் அந்த அறத்துக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. யார் உப்பைத் தின்கிறோமோ அவரைப் பற்றித்தான் பாட முடியும், அவருக்குப் பிடிக்காததைப் பாட முடியாது. வள்ளலின் இடத்துக்குப் பிறகு கோயில் வந்தது, ஜமீன் வந்தது, சபா வந்தது, கடைசியில் சினிமா வந்தது. தானே பாட்டு எழுதி, தானே குழு சேர்த்து, தன் சொல்லை மேடையேற்ற நினைக்கும் கலைஞனை இந்தக் கேள்வி இன்றும் விடவில்லை. கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் தமிழில் அந்தக் கேள்வியோடு நேரடியாக மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் தென்மா. பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், எல்லாவற்றுக்கும் மேல் குழு கட்டுபவர்.

இரண்டு கரைகள்

அவருடைய கதையைச் சொல்வதற்கு முன் அவர் வந்த சூழலைச் சொல்லவேண்டும்.

1876-78 தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்குச் சோறு என்று மண் வெட்டியவர்களைக் கொண்டு அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே சுமார் எட்டுக் கிலோமீட்டர் கால்வாய் வெட்டப்பட்டது. ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு அப்போதுதான் வந்தது. அந்த இணைப்புக்குப் பிறகு மரக்காணத்தில் ஏறும் உப்பு மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, எண்ணூர் என்று ஒரே நீர்வழியில் போக முடிந்தது. இந்தக் கால்வாயின் வடசென்னைக் கரைகளில் துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் ஆலைக்கும் வேலைக்கு வந்தவர்கள் குடியேறினார்கள். அவர்கள் வாழ்ந்த தெருக்களில் வளர்ந்தது கானா.

கானாவுக்குச் சபா கிடையாது. சாவு வீட்டு வாசலும் பதினாறாம் நாள் பந்தலும் நினைவு நாள் மேடையும்தான் அதற்குக் களம். டோலக், சட்டி, கட்டமோளம், இருந்தால் ஓர் ஆர்மோனியம். பாடகர் எடுத்ததுதான் சுதி, மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விடியும் வரை பாட்டு ஓடும். செத்தவர் யார், எப்படி வாழ்ந்தார், எதற்குச் செத்தார் என்று அங்கேயே வரி கட்டுவார்கள். பணம் தருவது துக்க வீடு. 1990-களில் சினிமா இந்த மெட்டை எடுத்துக்கொண்டது. தேவாவின் இசையில் கானா ஊரெல்லாம் ஒலித்தது. ஆனால் பாடிய தெருவுக்கு அதனால் பெரிய மரியாதை வந்துவிடவில்லை.

இன்னொரு கரையில் கிட்டார். சென்னையில் ராக் இசை பெரும்பாலும் கல்லூரி வளாகத்துச் சமாச்சாரம். ஐ.ஐ.டி.யின் சாரங் விழா, அடையாறில் இருந்த அன்வைண்ட் சென்டர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய மேடைகள். பாட்டு ஆங்கிலத்தில், கேட்பவர்களும் ஆங்கிலம் படித்தவர்கள். காலப்போக்கில் பிறர் பாட்டைப் பாடுவதிலிருந்து சொந்தப் பாட்டுக்கு வந்தார்கள். ஜங்க்யார்ட் க்ரூவ், ஸ்க்ராட், தி எஃப்16ஸ் போன்ற குழுக்கள் இந்த ஊரிலிருந்து நாடெங்கும் போய் வாசித்தன. எனினும் ஓட்டேரியில் ஒருவர் சாவு வீட்டில் பாடிக்கொண்டிருந்த அதே இரவில் அடையாறில் ஒருவர் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தால், இருவரும் ஒருவரையொருவர் வாழ்நாளில் சந்திக்க வாய்ப்பில்லை.

இங்கிலாந்தில் சுயாதீன ராக் இசையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக பஸ்காக்ஸ் குழுவின் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' இசைத்தட்டைச் சொல்வார்கள். மான்செஸ்டர் இளைஞர்கள் நண்பர்களிடமும் வீட்டிலும் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தாங்களே ஆயிரம் தட்டு அச்சடித்து விற்றார்கள். அவர்கள் தப்பிக்க நினைத்தது லண்டனின் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களிடமிருந்து. தமிழ்நாட்டில் எதிரே நின்ற மலை வேறு. 1931-இல் 'காளிதாஸ்' பேசத் தொடங்கியதிலிருந்து தமிழில் பாட்டு என்றால் படப்பாட்டு. வானொலி, கேசட், தொலைக்காட்சி, கல்யாண மேடை எல்லாம் அதையே ஒலித்தன. இங்கே சுயாதீன இசைக்கலைஞர் என்றால் சினிமாவுக்கு வெளியே நின்று பிழைக்க முயல்பவர் என்றுதான் நடைமுறையில் அர்த்தம். சினிமாவைப் போல் சம்பளம் தரவும் கேட்கக் கூட்டம் சேர்க்கவும் வேறு ஆள் இல்லாத ஊரில் அது எளிய காரியமா?

குரங்கன்

தென்மாவின் பெயர் பரவலாகத் தெரியவந்தது கேபர் வாசுகியோடு சேர்ந்து நடத்திய 'குரங்கன்' குழுவில். கேபர் சொல்காரர். தென்மாவின் பலம் ஒலியை அடுக்குவதில் இருந்தது. ராக் வாத்தியங்களோடு பேச்சுத் தமிழில் பாடினார்கள். படக் காட்சிக்காக எழுதப்படாத, கதாநாயகன் வாயசைக்காத தமிழ்ப் பாட்டு அன்றைய நிலையில் புதுமையாகவே இருந்தது.

கேபர் வாசுகி பின்னாளில் எழுதிய ஒரு பாட்டு இந்தத் தொடருக்கு நெருக்கமானது. 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' அவர் எழுதியது. அனல்மின் நிலையச் சாம்பலில் புதையும் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியது அது. எண்ணூரும் மரக்காணம் போலவே கால்வாயும் கழிமுகமும் உப்பளமும் சேர்ந்த ஊர்தான். கர்நாடக சங்கீத மேடையின் குரலும் சுயாதீன இசைக்காரரின் பேச்சுத் தமிழும் அங்கே சந்தித்தன. ஒரு குழு கலைந்தாலும் அதில் பழகிய கை வேறு இடத்தில் வேலை செய்யும் என்பதற்கு இது சாட்சி.

தென்மா மறுபக்கம் நடந்தார். தனித்தனியாகத் தவிக்கும் சென்னைக் கலைஞர்களை ஒரு குடையில் சேர்க்கும் முயற்சிகளில் இறங்கினார். மெட்ராஸ் இண்டி கலெக்டிவ், மெட்ராஸ் மேடை ஆகியவை அப்படி வந்தவை. மேடை பிடிப்பது, ஒலி அமைப்பு கொண்டுவருவது, இன்னொருவர் பாட வழி செய்வது என்று பாட்டோடு நேரடித் தொடர்பில்லாத வேலைகளே இவற்றில் அதிகம். ஆனால் அடுத்து வந்த பெரிய வேலைக்கு இதுதான் பயிற்சி ஆயிற்று.

பத்தொன்பது பேர்

'அட்டகத்தி', 'மெட்ராஸ்', 'கபாலி' எடுத்த இயக்குநர் பா. இரஞ்சித், நீலம் பண்பாட்டு மையத்தின் சார்பில் சாதி எதிர்ப்பைப் பாடும் ஓர் இசைக்குழுவைத் தொடங்க விரும்பினார். 2017-இல் அந்தப் பொறுப்பு தென்மாவிடம் வந்தது. வடசென்னையின் கானாக்காரர்களையும் பறை, சட்டிக் கலைஞர்களையும் ராப் பாடகர்களையும் ராக் வாத்தியக்காரர்களையும் அழைத்துப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோரிலிருந்து பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து போன்ற கானாப் பாடகர்கள். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் பெண் குரலாக வந்த இராயபுரத்து இசைவாணி. அரக்கோணத்திலிருந்து கவிதையோடு வந்த அறிவு. கிட்டாரில் சாஹிப் சிங், டிரம்ஸில் மனு கிருஷ்ணன்.

'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதர். சாதிபேதமற்ற தமிழர் என்று தம் மக்களை அடையாளப்படுத்திய அவர், 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கியவர். அந்த இதழைத் தாங்கிப் பிடித்தவர்களில் கோலார் தங்கவயலின் தமிழ்த் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் தங்கள் கூலியிலிருந்து ஒரு பத்திரிகைக்கு உப்பிட்டார்கள். ஆதலால் அது அவர்களுடைய குரலில் பேச முடிந்தது. பெயரைக் கடன் வாங்கிய குழுவுக்கு அந்தப் பண ஏற்பாடும் ஒரு முன்மாதிரியாக எதிரே இருந்தது.

இப்படி ஒரு குழு ஏன் தேவைப்பட்டது என்று மரக்காணத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் நடந்த சித்திரை முழுநிலவு விழாவுக்குப் போன கூட்டம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்தபோது மோதல் மூண்டது. தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன. அந்த ஆண்டிலும் பிறகும் வட தமிழகத்தில் சாதி பற்றிய பேச்சு சூடாகவே இருந்தது. அதை ஓர் இசை மேடையில் நேருக்கு நேர் பேசலாமா என்பதுதான் இரஞ்சித்தும் தென்மாவும் வைத்த சோதனை.

2018 ஜனவரி 6, மார்கழி மாதம். கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. ஆயிரக்கணக்கில் கூட்டம். கானாக்காரர்கள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மேடையேறினார்கள். அம்பேத்கரின் உடை அது என்று கூட்டத்துக்குப் புரிந்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி, வடசென்னை மீது ஒட்டப்பட்ட ரவுடி முத்திரையைப் பற்றிப் பாடினார்கள். 'ஜெய்பீம் ஆன்தம்', 'கோட்டா', 'மெட்ராஸின் மகிழ்ச்சி' ஆகியவை யூடியூப் வழியாக ஊர் ஊராகப் போயின.

மேடையில் யாருக்கு எந்த இடம்

இந்தக் குழுவில் தென்மாவின் கைவண்ணத்தைத் தேட வேண்டிய இடம் மெட்டு அல்ல, அமைப்பு. சட்டியின் அடி கூர்மையானது, காதைக் கிழித்துக்கொண்டு முன்னால் வரும். கட்டமோளமும் டோலக்கும் நடுவில் நிரம்பி நிற்கும். அதன் மேல் முறுக்கிய ராக் கிட்டாரை முழுச் சத்தத்தில் வைத்தால் பாடகரின் சொல் கேட்காது. கானாவில் சொல் கேட்காவிட்டால் ஒன்றுமே இல்லை. ஆகவே கிட்டார் பல இடங்களில் வெட்டி வெட்டித் தாளம்போல் வருகிறது, சொல் ஓய்ந்த இடத்தில்தான் விரிகிறது.

காலக்கணக்கும் அப்படித்தான். ராக் குழு எண்ணிக்கை கொடுத்துத் தொடங்கும், ஒரே வேகத்தில் ஓடும். கானாப் பாடகர் வரியை இழுப்பார், இடையில் பேசுவார், கூட்டம் சிரித்தால் நிறுத்துவார். இரண்டையும் சேர்க்கும்போது வழக்கமாக நடப்பது, நாட்டுப்புறக் கலைஞரைக் கிட்டாரின் கடிகாரத்துக்குப் பழக்குவது. 'ஃபியூஷன்' என்ற பெயரில் நாம் நிறையக் கேட்டது அதுதான், அதில் பறை ஓர் அலங்காரமாகவே நிற்கும். இந்தக் குழுவில் கிட்டாரும் டிரம்ஸும் பாடகரைப் பின்தொடரப் பழகின. யார் யாரைப் பின்தொடர்வது என்பது இசை சம்பந்தப்பட்ட முடிவுதான், ஆனால் சாதி சம்பந்தப்பட்ட முடிவும் அதற்குள் இருந்தது. குழுவைக் கட்டியவர் மேடையிலேயே இருந்தார், பாடவும் செய்தார். எனினும் வீட்டுக்குப் போனவர்கள் நினைவில் வைத்திருந்தது இசைவாணியையும் முத்துவையும் அறிவையும். ராக் குழுத் தலைவர்கள் பொதுவாக விரும்பாத விளைவு இது. இங்கே அதுதான் திட்டம்.

கணக்கு வழக்கு

இப்போது பாணன் கேள்விக்கு வருவோம். சினிமாவுக்கு வெளியே பாட நினைத்த கலைஞர்களுக்குப் பெரிய மேடை தந்தவர் ஒரு சினிமா இயக்குநர். படத்தில் சம்பாதித்த பணமும் பெயரும்தான் மையத்துக்கு முதுகெலும்பு. இதை முரண்பாடு என்று சொன்னவர்கள் உண்டு. என் கணக்கில் வேறுபாடு இங்கே இருக்கிறது: நல்லியக்கோடனின் உப்பைத் தின்ற பாணன் நல்லியக்கோடனைப் பாடினான். இந்தக் குழு இரஞ்சித்தைப் பாடவில்லை, தன் தெருவைப் பாடியது. உப்பிட்டவர் தன் புகழைக் கேட்காதவரை அந்த உப்பால் பாட்டுக்குக் கேடில்லை. ஆனால் பத்தொன்பது பேரின் அடுப்பு ஒருவர் தயவில் எத்தனை நாள் எரியும்? அந்தக் கவலை மிச்சம் இருந்தது.

அதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி தேடினார்கள். அறிவு 2019-இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குறள்' தொகுப்பைத் தந்தார். 2021 மார்ச்சில் பாடகி தீயோடு பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் போனது. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டில் இருக்கிறது. ஆனால் கோடிக்கணக்கானோர் கேட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று அதன் இசையைத் தயாரித்த சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். சினிமாவுக்கு வெளியே போனால் மட்டும் சட்டியில் உப்பு விழுந்துவிடாது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. இசைவாணியை 2020-இல் பி.பி.சி. தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

தென்மா படத்துக்கு இசையமைக்கப் போனார். 2019-இல் அதியன் ஆதிரையின் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 2022-இல் இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது'. சுயாதீன இசைக்காரர் கடைசியில் கோடம்பாக்கத்துக்குத்தானே வந்தார் என்று இதை முடித்துவிடலாம். ஆனால் பழைய இரும்பு லாரி ஓட்டும் தொழிலாளியின் கதைக்கும், நாடகக் குழு ஒன்று காதலையும் சாதியையும் பற்றி வாதிடும் கதைக்கும் அவர் இசையமைத்தார். குழுவில் பழகிய ஒலியைப் படத்துக்குள் கொண்டுபோனார்.

இந்தியாவில் இதற்கு முன்னோடி தேடினால் கல்கத்தாவில் நிற்க வேண்டும். நக்சல் இயக்கத் தொடர்பால் சிறை சென்று திரும்பிய கௌதம் சட்டோபாத்யாய் 1975-இல் 'மொஹீனேர் கோராகுலி' குழுவைத் தொடங்கினார். 1977 முதல் 1979 வரை மூன்று இசைத்தட்டுகள் வந்தன, கேட்க ஆளில்லை, 1981-இல் குழு கலைந்தது. அவரும் படமெடுக்கப் போனார். 1990-களின் நடுவில் இளையவர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் மீண்டும் பாட்டுத் தொகுப்புகள் கொண்டுவந்தபோது வங்காளமே திரும்பிப் பார்த்தது. 1999-இல் அவர் இறந்தபோது வங்காள ராக் குழுக்கள் பலவற்றுக்கு அவர் மூத்தவர். குழுத் தலைவருடைய வெற்றியை அவருடைய குழு எத்தனை ஆண்டு நீடித்தது என்று மட்டும் அளக்கக் கூடாது, அந்தக் கதை சொல்வது இது.

அந்த அளவுகோலைத் தென்மாவுக்கும் வைத்துப் பார்க்கலாம். மரக்காணத்தில் அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை மழை. பாத்திகளில் தண்ணீர் நிற்கும், உப்பு வாருவதற்கு வழியில்லை, கூலியும் இல்லை. அதே டிசம்பரில் சென்னைச் சபாக்களில் சீசன் களைகட்டும். ஒருவருடைய வறண்ட மாதம் இன்னொருவருடைய விழா மாதம். 2018 மார்கழியில் பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் தொடங்கியது, நீலம் நடத்தும் 'மார்கழியில் மக்களிசை' என்று பின்னர் விரிந்தது. பறையும் ஒப்பாரியும் கானாவும் கூத்தும் டிசம்பர் மாதத்தில் மேடையேறுகின்றன, கலைஞர்களுக்குச் சன்மானம் கிடைக்கிறது. சாவு வீட்டில் மட்டும் கூப்பிடப்பட்டவருக்கு ஆண்டு நாட்காட்டியில் புதிதாக ஒரு வேலை நாள் கிடைத்திருக்கிறது. பத்தொன்பது பேரைச் சேர்த்த ஒரு கிட்டார்க்காரரால் நடந்த மாற்றங்களில் நான் முதலில் எழுதுவது இதைத்தான். விருதும் படமும் அதற்குப் பின்.

நல்லியக்கோடன் ஒரு பாணன் குடும்பத்துக்கு உப்பிட்டான், அதற்கு 269 அடி கிடைத்தது. கோலார் தொழிலாளர்கள் ஓர் இதழுக்கு உப்பிட்டார்கள், ஒரு சமூகத்துக்குக் குரல் கிடைத்தது. இந்த இரண்டில் எந்த வழியில் தமிழ்ச் சுயாதீன இசை நடக்கப்போகிறது என்பது இனிப் பாடுபவர்களைவிடக் கேட்பவர்கள் கையில்தான் அதிகம் இருக்கிறது. டிக்கெட் வாங்கி மைதானத்துக்கு வருபவர்கள் பெருகினால் எந்த வள்ளலும் தேவையில்லை.

அடுத்த இதழில் மீண்டும் மரக்காணம்: 2021-இல் பறவைகள் சரணாலயமான கழுவெளியும், அதன் கரையில் உப்பு வாருகிறவர்களும்.

(தொடரும்)